மணிக்காகப் பேசுவது யார்?

குட்டீஸ்! இதைப் படிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வீட்டுக் கூடத்தில் தரையில் கையை ஊன்றி, முட்டி போட்டு நாலு காலில் நில்லுங்கள். தங்கச்சி சிரித்தால் சிரிக்கட்டும். அப்படியே தவழ்ந்து சமையலறை வரைக்கும் போய் வாருங்கள்.

என்னவெல்லாம் கண்ணில் பட்டது?

டி.வி. மேஜைக்குப் பின்னால் பின்னிக் கிடக்கும் ஒயர்கள், கட்டிலுக்கு அடியில் உருண்டு போன அழிரப்பர், நேற்று தாத்தா தவறவிட்ட மாத்திரை, சிங்க்குக்குக் கீழே மூடி சரியாக மூடாத பினாயில் பாட்டில், மூலையில் கொசுவத்திச் சுருள். நின்றுகொண்டு பார்க்கும்போது இதில் பாதி உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் உங்கள் வீட்டு நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் நாள் முழுக்கப் பார்ப்பது இந்த உலகத்தைத்தான்.

உங்கள் வீட்டு நாய்க்கு மணி என்று பெயர் வைத்துக்கொள்வோம். மணிக்கு வயிறு வலித்தால் 'அம்மா, வயிறு வலிக்குது' என்று சொல்லத் தெரியாது. 'இந்தத் தரை சுடுது' என்று சொல்லத் தெரியாது. அதனால்தான் பெரியவர்கள் 'வாயில்லா ஜீவன்' என்கிறார்கள். அப்படியானால் மணிக்காகப் பேசுவது யார்? நீங்கள்தான்! அதற்கு எது ஆபத்து, ஏன் ஆபத்து என்று தெரிந்திருந்தால்தானே பேச முடியும்? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாசத்தில் ஊட்டினால் பாதகம்!

நீங்கள் சாக்லேட் சாப்பிடும்போது மணி எதிரில் உட்கார்ந்து வாலை ஆட்டுகிறது. பாவமாக இருக்கிறது. ஒரு துண்டு உடைத்துப் போடலாமா?

கூடவே கூடாது! சாக்லேட்டில் தியோபுரோமின் என்ற பொருள் இருக்கிறது. நம் உடல் அதைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். நாயின் உடலில் அது நெடுநேரம் தங்கி, இதயத்தைப் படபடவென்று அடிக்க வைக்கும், வாந்தி வரும், வலிப்புகூட வரலாம். சாக்லேட் எவ்வளவு கறுப்போ அவ்வளவு ஆபத்து.

அடுத்து, திராட்சை. உலர்ந்த திராட்சையும் சேர்த்துத்தான். சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் நெய்யில் வறுத்துப் போடுவோமே, அதேதான். சில நாய்களுக்குக் கொஞ்சம் திராட்சையே சிறுநீரகத்தைப் பழுதாக்கிவிடும். எந்த நாய்க்கு ஒத்துக்கொள்ளும், எதற்கு ஒத்துக்கொள்ளாது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால் எந்த நாய்க்கும் வேண்டாம்.

வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டுக்குமே ஆகாது. இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை அவை உடைத்துவிடும். வேகவைத்தாலும் இந்தக் குணம் போகாது. மிஞ்சிய சாம்பார் சாதத்தை மணியின் தட்டில் கொட்டுகிறோமே, அதில் சின்ன வெங்காயம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? மணிக்கென்று வெறும் சோறும், உப்பு, காரம், வெங்காயம் போடாமல் வேகவைத்த முட்டையோ கறியோ தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

'நாய் என்றால் எலும்பு' என்று நினைப்போம். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்துகொள்ளும். அது தொண்டையிலோ குடலிலோ குத்தினால் பெரிய ஆபரேஷன் வரைக்கும் போய்விடும். சர்க்கரை இல்லாத சூயிங் கம் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்க்கிறார்கள். அது நாயின் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சட்டென்று கீழே இறக்கி மயக்கம் போட வைத்துவிடும்.

பூனைக்குப் பால்தானே பிடிக்கும் என்கிறீர்களா? பிடிக்கும், ஆனால் ஒத்துக்கொள்ள வேண்டுமே! குட்டியாக இருக்கும்போது தாய்ப்பாலைச் செரிக்கிற பூனைக்கு, வளர்ந்த பிறகு பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடும். கிண்ணம் நிறையப் பால் குடித்த பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்குதான் மிச்சம். எப்போதும் சுத்தமான தண்ணீர் இருந்தால் போதும்.

நம் மருந்து, அதற்கு விஷம்

உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா பாரசிட்டமால் கொடுப்பார். பூனைக்கு உடம்பு சுடுகிறதே என்று அதையே கொடுக்கலாமா? பூனையின் கல்லீரலால் அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. ஒரே ஒரு மாத்திரைகூட அதன் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

இன்னொன்று தெரியுமா? நம் உடம்பின் இயல்பான வெப்பம் சுமார் 98.6 டிகிரி பாரன்ஹீட். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி வரை இருப்பதே இயல்பு. ஆகவே தொட்டுப் பார்த்து 'ஐயோ, காய்ச்சல்' என்று முடிவு கட்டாதீர்கள். மணிக்கு மருந்து என்றால் அது கால்நடை மருத்துவர் கொடுப்பதுதான். நாய்க்கு உண்ணி போகப் போடும் சில மருந்துகளே பூனைக்கு விஷம் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

பினாயில் ஊற்றித் துடைத்த ஈரத் தரையில் பூனை நடக்கும். பிறகு ஓரமாக உட்கார்ந்து பாதத்தை நக்கிச் சுத்தம் செய்யும். பாதத்தில் இருந்தது வயிற்றுக்குள் போய்விடும். எனவே தரை நன்றாகக் காயும்வரை பூனையை அடுத்த அறையில் வையுங்கள். அந்துருண்டை, எலி மருந்து, பூச்சி மருந்து மூன்றும் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். எலி மருந்து தின்று செத்த எலியைப் பூனை தின்றாலும் ஆபத்துதான்.

நாய்க்குட்டி ஏன் ஒயரையும் செருப்பையும் கடிக்கிறது? சேட்டை மட்டும் காரணம் இல்லை. அதற்கு 28 பால்பற்கள் விழுந்து, 42 நிலையான பற்கள் முளைக்க வேண்டும். நாலு மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரைக்கும் ஈறு குறுகுறுவென்று இருக்கும். எதையாவது கடித்தால்தான் அதற்கு நிம்மதி. அடிப்பதற்குப் பதில், கடிக்க ஏற்ற கெட்டியான ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுங்கள். சார்ஜரைப் பயன்படுத்தி முடித்ததும் சுவிட்சை அணைத்துக் கழற்றி வையுங்கள்.

அடுக்குமாடி வீட்டில் இருக்கிறீர்களா? பூனை எப்படி விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்பதை நம்பி பால்கனியைத் திறந்து போடாதீர்கள். காலில் நின்றாலும் எலும்பு முறியும், தாடை உடையும். பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடிப்பதே பாதுகாப்பு.

வெயிலே, உன்னிடம் ஒரு வார்த்தை!

கத்திரி வெயிலில் நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது உடம்பு குளிர்கிறது. நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். அதனால்தான் அது நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கிறது. அந்த மூச்சுதான் அதற்கு மின்விசிறி! முகம் சப்பையாக உள்ள பக் போன்ற நாய்களுக்கு அந்த மின்விசிறியும் சரியாக ஓடாது. வெயிலில் முதலில் சுருண்டு விழுவது அவைதான்.

நடக்கக் கூட்டிப் போகும் முன் ஒரு சோதனை: தார் சாலையில் உங்கள் புறங்கையை வைத்து ஒன்று முதல் ஏழு வரை எண்ணுங்கள். கை பொறுக்கவில்லையா? மணியின் பாதமும் பொறுக்காது. நீங்கள் செருப்புப் போட்டிருக்கிறீர்கள், மணி போடவில்லை! காலையில் வெயில் ஏறும் முன்பும், மாலையில் தரை ஆறிய பிறகும் போங்கள்.

'கடைக்குள் போய் ஐந்தே நிமிஷத்தில் வந்துவிடுவேன்' என்று மணியைக் காருக்குள் பூட்டிவிட்டுப் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். வெளியே 35 டிகிரி செல்சியஸ் இருந்தால், மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 45 டிகிரி ஆகிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய பலன் இல்லை. அப்பா மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.

வெயிலில் நாய் தள்ளாடினாலோ, எச்சில் ஒழுகி ஓயாமல் இளைத்தாலோ, உடனே நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். தானாகக் குடித்தால் தண்ணீர் கொடுக்கலாம். வாயைத் திறந்து ஊற்றக் கூடாது. பிறகு நேராக மருத்துவரிடம்!

வாசலைத் தாண்டினால்...

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை... இவையெல்லாம் நம் தமிழ்நாட்டு நாய் இனங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்டவை. முயல் மாதிரி ஏதாவது ஓடுவதைப் பார்த்தால் 'நில்' என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த தெருவில் இருக்கும்! எந்த இன நாயாக இருந்தாலும் தெருவில் கயிறு உங்கள் வீட்டுப் பெரியவர் கையில் இருக்கட்டும். பெரிய நாய் ஒன்று இழுத்தால் உங்களையும் சேர்த்துச் சாலைக்கு இழுத்துவிடும்.

கழுத்துப்பட்டையில் வீட்டுத் தொலைபேசி எண் இருக்க வேண்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் இறுக்கம். குட்டி வளர வளரப் பட்டையைத் தளர்த்த வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

வீடு திரும்பியதும் காது மடல், அக்குள், விரல் இடுக்கு மூன்றையும் பாருங்கள். உண்ணி ஒட்டிக்கொள்ளும் இடங்கள் அவை. உண்ணி இரத்தத்தை மட்டும் உறிஞ்சுவதில்லை. கொடிய காய்ச்சலையும் பரப்பும். பார்த்தால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். வெறும் கையால் நசுக்காதீர்கள்.

டமால்! டுமீல்!

தீபாவளி என்றால் உங்களுக்குக் கொண்டாட்டம். மணிக்கு? மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைக் கேட்கும். நாயின் காது சுமார் 45,000 வரை கேட்கும். நமக்குக் கேட்காத ஒலியே அதற்குக் கேட்கும்போது, வாசலில் வெடிக்கும் அணுகுண்டு எப்படி இருக்கும்! அது எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்றும் அதற்குத் தெரியாது. பயத்தில் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி, வழி தெரியாமல் போகும் நாய்கள் உண்டு.

அன்று மாலையே மணியை நடக்கக் கூட்டிப் போய் வந்துவிடுங்கள். இருட்டியதும் உள்ளறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் பாட்டையும் ஓடவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தால் இழுக்காதீர்கள். அது தனக்குத் தானே தேடிக்கொண்ட கோட்டை. பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தாலே அதற்குப் பாதி பயம் போய்விடும். சரவெடியை ஒரு மணி நேரம் தள்ளி வைத்து மணியுடன் இருக்க உங்களால் முடியாதா என்ன?

ஒளிக்காதீர்கள்... சொல்லுங்கள்!

இப்போது சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

பிரான்ஸ் நாட்டில் ஜோசப் மைஸ்டர் என்று ஒரு சிறுவன். வயது 9. 1885-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு வெறிநாய் அவனைப் பல இடங்களில் கடித்துக் குதறிவிட்டது. அந்தக் காலத்தில் வெறிநாய்க்கடிக்கு மருந்தே கிடையாது. அவனுடைய அம்மா அவனை அழைத்துக்கொண்டு பாரிஸ் நகருக்கு ஓடினார். அங்கே லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி ஒரு தடுப்பூசியைக் கண்டுபிடித்து, விலங்குகளுக்குப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். ஜூலை 6-ஆம் தேதி ஜோசப்புக்கு முதல் ஊசி. தொடர்ந்து மொத்தம் 13 ஊசிகள். பையன் பிழைத்துக்கொண்டான்! வளர்ந்த பிறகு அதே பாஸ்டர் நிறுவனத்தில் காவலாளியாக வேலை பார்த்தான்.

நம் ஊரிலும் அதே பெயரில் ஒரு நிறுவனம் இருக்கிறது. நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம்தான் அது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி தயாரித்துப் பல்லாயிரம் பேரைக் காப்பாற்றிய இடம். பாஸ்டர் 1895-இல் மறைந்த செப்டம்பர் 28-ஆம் தேதியைத்தான் உலக வெறிநோய் தினமாக அனுசரிக்கிறார்கள்.

இவ்வளவு கதை எதற்கு என்கிறீர்களா? அன்று ஜோசப்புக்கு இருந்த ஒரே வழி, பாரிஸ். இன்று நமக்கு அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த ஊசி இலவசமாகவே கிடைக்கிறது. அப்படியும் பிள்ளைகள் இறந்துபோகிறார்கள். காரணங்களில் ஒன்று... வீட்டில் சொல்லாமல் மறைப்பது!

ஏன் மறைக்கிறார்கள்? 'தெரு நாய்க்குட்டியை ஏன் தொட்டாய்' என்று திட்டு விழுமே என்ற பயம். ஊசி வலிக்குமே என்ற பயம். இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு: 'மணிதான் கடித்தது என்று சொன்னால் அப்பா அதைக் கொண்டுபோய் விட்டுவிடுவாரோ!'

இந்த நோயின் கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளையை நோக்கிப் போகும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம்வரை வெளியே ஒன்றும் தெரியாது. காயம் ஆறியே போயிருக்கும். ஆனால் நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது. மூளைக்குக் கிருமி போய்ச் சேரும் முன்பே ஊசி போட்டாக வேண்டும். அதனால்தான் ஒரு நாள்கூட ஒளிக்கக் கூடாது.

நாயோ பூனையோ கடித்தாலும், நகத்தால் கீறினாலும், புண் உள்ள இடத்தில் நக்கினாலும் இதைச் செய்யுங்கள்:

* குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள்.
* மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித் தூள் எதையும் அப்பாதீர்கள்.
* உடனே வீட்டிலோ பள்ளியிலோ பெரியவரிடம் சொல்லுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.
* மருத்துவர் சொன்ன தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள்.

சரி, மணி? மணிக்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அதன் பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் தவறாமல் மறு ஊசி போட்டு, அட்டையில் தேதி எழுதி வைத்திருந்தால் அந்த அட்டைதான் மணிக்குக் கவசம். கடித்துவிட்டாலும் அந்த அட்டையைக் காட்டி, மருத்துவர் சொல்படி மணியைக் கவனித்துப் பார்க்கலாம். பயந்து விரட்ட வேண்டியதில்லை. பூனைக்கும் இந்த ஊசி உண்டு. ஆக, மணியைக் காப்பாற்றுவதும் உங்களைக் காப்பாற்றுவதும் வேறு வேறு அல்ல. இரண்டும் ஒரே ஊசிதான்!

நாய் சாப்பிடும்போதும், தூங்கும்போதும், குட்டிகளுடன் இருக்கும்போதும் தொடாதீர்கள். தெரியாத நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள், ஓடினால் துரத்தும். கையை உடம்போடு ஒட்டி, அதன் கண்ணைப் பார்க்காமல், மரம் மாதிரி அசையாமல் நில்லுங்கள். கீழே விழுந்துவிட்டால் பந்து போலச் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்ளுங்கள்.

இவை நம் வீட்டுக்கு வேண்டாம்

பச்சைக்கிளி, மைனா, நட்சத்திர ஆமை... ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளிக்குப் பாதுகாப்பான வீடு எது தெரியுமா? மரப்பொந்து! உங்கள் மாடியில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். கிளி தானே வந்து குடித்துவிட்டுப் போகும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை

1. நாலு காலில் தவழ்ந்து வீடு முழுக்க ஒரு சுற்று. ஆபத்தாகத் தெரிவதை எல்லாம் பட்டியல் போட்டு அம்மா, அப்பாவிடம் காட்டுங்கள்.
2. தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து, அடுத்த ஊசி எப்போது என்று நாள்காட்டியில் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள்.
3. அருகில் உள்ள கால்நடை மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். மணி எதையாவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விழுங்கிய பொருளின் டப்பாவையோ அட்டையையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.
4. தினமும் மணி எவ்வளவு சாப்பிட்டது, எப்படி விளையாடியது என்று கவனியுங்கள். எப்போதும் வாசலுக்கு ஓடி வரும் மணி இன்று மூலையில் படுத்திருந்தால், அது உங்களிடம் ஏதோ சொல்கிறது என்று பொருள்.

மாலையில் நீங்கள் புத்தகப் பையோடு தெருமுனையில் திரும்பும்போதே, மணிக்கு உங்கள் காலடிச் சத்தம் தெரிந்துவிடும். கேட்டருகே வந்து நின்றுகொள்ளும். உங்களை அது அவ்வளவு கவனிக்கிறது. நீங்களும் அதை அப்படிக் கவனித்தால் போதாதா?

என்ன குட்டீஸ், முட்டி போடத் தயாரா?